இரண்டு வட்டம், நடுவே ஒரு கோடு

அந்த வருஷம் சாரல் தொடங்கியதும் என் கணவரும் நானும் குற்றாலத்தில் ஒரு வாரம் அறை எடுத்துத் தங்கினோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். அவர் தென்காசியில் இங்கிலீஷ் வாத்தியார். மெட்ராஸ் போய்வந்த சிநேகிதர் கொடுத்த பத்திரிகை ஒன்றில், சீமையில் நடந்த சதுரங்கப் போட்டி ஆட்டம் முழுவதும் அச்சாகியிருந்தது. அதையும், கட்டம் தைத்த துணியையும், காய்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

காலையில் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஜன்னலோரம் உட்காருவோம். அவர் படித்துச் சொல்லுவார். நான் காயை நகர்த்துவேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டோம். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் போயிருந்தது. எங்கள் ஊர் ஆட்டத்தில் சிப்பாய்க்கு ஒரு கட்டம்தான்.

“அச்சுக்காரன் தப்பாப் போட்டிருக்கான்” என்றார்.

“எதிராளியும் அதையேதான ஆடிருக்கான்? ரெண்டு பேருக்குமா தப்பாப் போடுவான்? அங்கன அதான் சட்டம் போல.”

ஐந்தாவது வரியில் எழுத்தே இல்லை. இரண்டு வட்டம், நடுவே ஒரு கோடு. மூன்று நாள் அந்த இடத்திலேயே கிடந்தோம். மலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அருவிக்கடியில் கண்ணை மூடினால் இரைச்சலுக்குள் கட்டங்கள் மிதந்தன. பக்கத்தில் குளித்த வயதான அம்மாள் தோளைத் தட்டி, “ஏட்டி, நின்னுக்கிட்டே தூங்குதியா?” என்று கேட்டபிறகுதான் குளிர் தெரிந்தது.

நான்காம் நாள், “அது கிடக்கட்டும், அடுத்த வரியப் படிங்க” என்றேன். மூலையில் நின்ற யானை, ராஜா நிற்கும் கட்டத்துக்கே வந்திருந்தது.

“அப்போ ராஜா அங்கன இல்ல. யானை வார வழியிலயும் இல்ல. ரெண்டு வட்டம்னா ரெண்டு காய். ராஜா மூலைப் பக்கம் போயிட்டான், யானை அவனத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டு” என்றேன்.

வைத்துப் பார்த்தோம். அதன்பிறகு எந்த வரியும் தடுக்கவில்லை. ஆனால் கடைசியில் கறுப்புக்காரன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருந்தான்.

“ராஜா உயிரோடதான நிக்கான்? எதுக்கு விட்டான்?”

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். விளக்கம் எதுவும் அச்சாகியிருக்கவில்லை.

திரும்பும்போது குதிரை வண்டியில், இலஞ்சி வயல்கள் சாரலில் புகைபோல் நகர்ந்தன. துணியும் காயும் மூட்டைக்குள் இருந்தன. மனசுக்குள்ளேயே நகர்த்திக்கொண்டு வந்தேன். கறுப்பு எப்படிப் போனாலும் நாலாவது நகர்த்தலில் ராஜாவுக்குப் போக்கிடமில்லை.

“கண்டுபிடிச்சிட்டேன்” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஒவ்வொண்ணாச் சொல்லு.”

சொன்னேன். மூன்றாவதில் நிறுத்தி, “குதிரைய வச்சு மறிச்சா?” என்றார். மறித்தாலும் ஆகாது என்று சொல்லத் தொடங்கினேன்.

வண்டி நின்றது. நாங்கள் இறங்கவில்லை. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, “அண்ணாச்சி, தென்காசி வந்தாச்சு” என்றார்.