போட்டு வாறன் என்ற குற்றம்

அம்மா ஒரு கம்பனிக்காக முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறார். அவற்றில் ஒரு வீடு கெல்லிவில் என்ற புறநகரில். அங்கே தொண்ணூறை நெருங்கிய ஒரு வெள்ளைக்கார மனுசி தனியாக இருக்கிறார். அவரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, உடுப்பு மாற்றி, காலைச் சாப்பாடு கொடுக்க நாற்பத்தைந்து நிமிடம் தந்திருந்தார்கள். பிறகு முப்பதாக்கினார்கள். அதற்காக மனுசியின் முழங்கால்கள் வேகமாக மடங்கவில்லை.

போன குளிர்காலத்தில் அம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வேலை முடியுமுன் வெளியே போய்விட்டாராம், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு வரவில்லையாம். மனுசி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம்வரை குளிருக்குள் காத்திருந்திருக்கிறார். மகன் வந்து கண்டு முறைப்பாடு கொடுத்துவிட்டார். குற்றம் பதிவானால் இந்தத் தொழிலில் வேறெவரும் அம்மாவை எடுக்க மாட்டார்கள். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

மொழிபெயர்க்க நான் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை மறைக்கிறதும் இல்லை.

காரில் கேட்டேன். "வெளிக்கிடேக்க அவவுக்கு என்னம்மா சொன்னீங்கள்?"

"வழமையாச் சொல்லுறதுதான். ஐ கோ அண்ட் கம்."

சிக்னல் பச்சையானதை நான் கவனிக்கவில்லை. பின்னால் ஹோன் அடித்தார்கள்.

"அம்மா, அப்பிடிச் சொன்னா இப்பவே திரும்பி வாறன் எண்டுதான் அர்த்தம்."

"பின்னை? போறன் எண்டு சொல்லச் சொல்லுறியோ? அந்த வயசு மனுசிக்கு முன்னால?"

பரமட்டாவில் கம்பனி அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் இருந்த மேலாளருக்கு என் வயதுதான் இருக்கும். நாங்கள் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்வதில்லை, அது சாவீட்டுச் சொல் மாதிரி, போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று விளக்கினேன். அழகான வழக்கம் என்றாள். பிறகு கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். அந்த வீட்டில் அம்மா முப்பது நிமிடத்தைத் தாண்டிய நாட்களெல்லாம் சிவப்பாக இருந்தன.

"உங்கள் அம்மா நல்ல வேலையாள். ஆனால் புரொடக்டிவிட்டி போதாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாட்டுப் பொருளாதாரத்தின் பெரும்பகுதி சேவைத்துறைதான் என்று படித்திருக்கிறேன். தொழிற்சாலை அதே ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மடங்கு கார் செய்யலாம், ஒரு கிழவியின் தலையை மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் கழுவ முடியாது என்றும் படித்திருக்கிறேன். சோதனையில் அதை எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். எழுதியபோது என் அம்மாவின் இடுப்புவலி ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

அதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நானும் அதைத்தான் படித்தேன்" என்றாள். எந்தப் பல்கலைக்கழகம் என்றும் கேட்டாள்.

அம்மாவின் விளக்கத்தை ஏற்று முறைப்பாட்டைக் கைவிடுவதாகவும், அதற்கு ஒரு தாளில் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னாள். இனி முப்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வெளியேறும்போது அவர்கள் எழுதித் தந்த வசனத்தைத்தான் சொல்ல வேண்டும்: நான் இப்போது போகிறேன், குட்பை.

"போடாதேங்கோ அம்மா. நான் யூனியனோட கதைக்கிறன்."

"எங்க வைக்கிறது பிள்ளை, இதிலயோ?" என்று கேட்டபடியே அம்மா கையெழுத்தை வைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் கத்தினேன். "வாசிக்கக்கூட இல்லை நீங்கள்."

"வாசிச்சா மாத்திப்போடுவினமோ?"

அதற்குப் பிறகும் அம்மா அந்த வீட்டுக்குப் போகிறார். முப்பதாவது நிமிடத்தில் போனில் கம்பனியின் செயலியை அமத்தி வேலை முடிந்ததாகப் பதிகிறார். பிறகும் அங்கேயே நின்று மனுசியின் தலையைக் காயவைத்து, தேத்தண்ணி கொடுத்துவிட்டு வெளிக்கிடுகிறார். அவர்களின் வசனத்தைச் சொல்வதில்லை, தோளைத் தொட்டுவிட்டு வருகிறார்.

போன கிழமை கம்பனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கு?"

"உங்கட புரொடக்டிவிட்டி கூடிட்டுதாம். வாழ்த்தாம்."

அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று பதில் எழுதத் தொடங்கினேன். அம்மா சம்பளமில்லாமல் நின்ற ஒரு நாளையும் விடாமல், நிமிடக் கணக்கோடு எழுத நினைத்தேன். இரண்டாவது வரியில் அம்மா போனைப் பறித்து, நான் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"அந்த வீட்டை வேற ஆளுக்குக் குடுத்துப்போடுவினம்" என்றார்.