ஃபாரின் அட்ரஸ் மாப்பிள்ளை, அந்த லைக்கை எடுங்கள்

சுயம்பு போய்விட்டான். எங்கள் தெருவுக்கெல்லாம் நெட் லைன் இழுத்துத் தந்த சுயம்பு... காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபேஸ்புக்கைத் திறந்தால், கத்தாரில் இருக்கும் என் மூத்த மாப்பிள்ளை அவன் படத்தைப் போட்டு "ஆர்.ஐ.பி. குட் சோல்" என்று எழுதியிருக்கிறார்.

அதன் கீழே ஒருத்தர்: "கஸ்டமர் வீட்டுக் கம்ப்யூட்டரை நோண்டி வேலை போனவன்தானே இவன்?" அந்தக் கமெண்டுக்கு மாப்பிள்ளையின் லைக்!

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. மறதி என்பது மட்டும் எனக்குக் கிடையாது. அவன் நோண்டியது என் வீட்டுக் கம்ப்யூட்டரை. நோண்டச் சொன்னது நான்.

ஒரு லீவுக்கு வந்த மாப்பிள்ளை, "அத்தை, ஸ்பீடாக்கித் தாறேன்" என்று மத்தியானம் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நானும் முந்திரிக்கொத்து சுட்டுக் கொடுத்தேன். அந்த எண்ணெயாவது மிச்சமாகியிருக்கும்.

அவர் கத்தாருக்குத் திரும்பிய பிறகு, அஞ்சுகிராமத்தில் இருக்கும் என் தங்கச்சிக்கு அதே கம்ப்யூட்டரில் ஒரு மெசேஜ் அடித்தேன். "மாப்பிள்ளை வாயைத் திறந்தால் செண்டை மேளம் தோற்கும்" என்று. அவளுக்கு மட்டும்தான்.

மறுநாள் கத்தாரிலிருந்து போன். "நான் பேசினா செண்டை தோத்துருமாம்லா, அத்தை?"

தங்கச்சியைக் கூப்பிட்டு, "ஏட்டி, நீதானே போட்டுக் கொடுத்த?" என்றேன். அவள் சாமி மேல் சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. பொங்கலுக்குக்கூட அவள் வீட்டுப் படி ஏறவில்லை... யாரால்?

அப்புறம் நெட் இழுக்கவில்லை என்று சுயம்புவைக் கூப்பிட்டேன். வந்தவன் கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறந்து ஏதோ தட்டினான். வெள்ளை எழுத்து கடகடவென்று ஓடியது.

"என்னலே இது, கரி பிடிச்ச சட்டி மாதிரி?"

"நெட்ஸ்டாட், ஆச்சி. இந்தக் கம்ப்யூட்டர் இப்போ யாரு யாருகூடப் பேசிக்கிட்டு இருக்குன்னு சொல்லும். எந்த வழியாப் போகுதுன்னு கேட்டா அதையும் சொல்லும்."

நான் மேலே இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டினேன். ஃபாரின்... அட்ரஸ். "ஏலே, ஃபாரின் அட்ரஸ்னு போட்டிருக்கே. எங்க மாப்பிள்ளை அட்ரஸா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் பாவி. "ஆச்சி, பக்கத்து வீட்டு மெஷினா இருந்தாலும் அது ஃபாரின்னுதான் சொல்லும். உங்களுக்கு ஃபாரின்னா கத்தார்தான்!"

சிரித்தவன் திடீரென்று நிறுத்தினான். திறந்திருந்ததை எல்லாம் மூடிவிட்டு மறுபடி தட்டினான். ஒரு வரி மட்டும் போகவில்லை.

"ஆச்சி, தூரத்துல இருந்து உங்க ஸ்க்ரீனைப் பாக்க யாராவது புரோகிராம் போட்டுத் தந்தாவளா?"

அந்தப் புரோகிராமைத் திறந்தான். உள்ளே யார் பெயர்? கத்தார் மாப்பிள்ளையின் இமெயில்!

"எடுத்துரட்டா?" என்றான். "இரு மக்கா" என்று சொல்லி, ஸ்க்ரீன் நிறையப் பெரிய எழுத்தில் அடித்தேன்: "மாப்பிள்ளை, சாப்பிட்டாச்சா?"

கொஞ்ச நேரம் கழித்து சுயம்பு மறுபடி தட்டிப் பார்த்தால், கறுப்பு ஜன்னலில் போகாமல் நின்ற அந்த வரி தானாகவே காணாமல் போயிருந்தது; மாப்பிள்ளை ஓடிவிட்டார். சுயம்பு தரையில் உட்கார்ந்து சிரித்தான். அப்புறம் அந்தப் புரோகிராமை வேரோடு பிடுங்கிப் போட்டான்.

அன்றைக்கே பஸ் ஏறி தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் சோறு போட்டாள்.

மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? "டெக்னீஷியன் பிரைவசியில் கை வைத்தான்" என்று சுயம்பு வேலை பார்த்த நெட் கம்பெனிக்கு கம்ப்ளெய்ன்ட் கொடுத்தார். பிரைவசி! சொன்னவர் வாயைப் பாருங்கள்.

கம்பெனி ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். கவுண்டரில் இருந்தவர், "லைன் உங்க மாப்பிள்ளை பேர்ல இருக்கு. நீங்க கஸ்டமர் கிடையாது, பாட்டிம்மா" என்றார்.

"வீடு எனக்கு, கரண்ட் எனக்கு, உக்காந்து பாக்க கண்ணு எனக்கு... கஸ்டமர் மட்டும் கத்தார்லயா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சுயம்புவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் அப்புறம் வடசேரியில் ஒரு செல்போன் கடையில் சேர்ந்தான். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் பைக்கை நிறுத்தாமலே கத்துவான், "ஆச்சி, ஃபாரின்காரன் உள்ள இருக்கானா?"

"இல்லலே, அடைச்சாச்சு!" என்பேன் அடுக்களையிலிருந்து. தெருவே சிரிக்கும்.

மாப்பிள்ளை, இதையும் படிப்பீர்கள் என்று தெரியும். இந்த முறை ஒளிந்து பார்க்க வேண்டாம். எல்லாரும் பார்க்கத்தான் போட்டிருக்கிறேன். அந்த லைக்கை எடுங்கள். ஆர்.ஐ.பி.யையும் எடுங்கள். உங்கள் கையால் அவனுக்கு ஒன்றும் வேண்டாம்.

மகளே, நீ எனக்கு போன் செய்து அழாதே. நான் எடுக்க மாட்டேன். சுயம்பு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். இன்றைக்கு அவன் கேட்க மாட்டான்...

அடைச்சாச்சு மக்கா. நீ போ.