கரட்டு இறக்கம்

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எங்கள் வாசல் வழியாகச் சைக்கிள்காரர்கள் போகிறார்கள். கோயமுத்தூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வருகிறவர்கள். தலைக்கவசம், கையுறை, தடித்த டயர். பக்கத்திலேயே நல்ல தார்ச்சாலை இருக்க, அதை விட்டுவிட்டுச் சரளைக்கல் பாதையாகத் தேடிப் பிடித்துப் போகிறார்கள். எல்லையோரக் கோபாலபுரத்தில் தொடங்கி, வடகரப்பதியின் கரடுகளை ஏறி இறங்கும் ஒரு வழியைக் கைப்பேசியில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கல்லும் முள்ளுமான சிறு குன்றை எங்கள் பக்கத்தில் கரடு என்போம். போன வாரம் தண்ணீர் கேட்டு நின்ற ஒரு பெண், கரட்டு உச்சியில் பாதை இரண்டாகப் பிரிகிறதே, இந்தப் பக்கம் வராத இன்னொன்று எங்கே போகிறது என்று கேட்டாள். பஸ் ரோட்டுக்கு என்றேன். அவளுக்கு அவ்வளவு போதும். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது நல்லேப்பிள்ளியில். வயலும் மலையாளமும் சூழ்ந்த ஊர். அப்பாவின் ஊரான இந்த வடகரப்பதி கிழக்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருப்பது. பேச்சு முழுக்கக் கோயமுத்தூர்ப் பேச்சு. இரண்டு ஊருக்கும் பெரிய தூரமில்லை. ஆனாலும் அம்மாவின் தமிழுக்குள் மலையாளம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "மலையாளத்துக்காரி என்னமோ சொல்றா, யாராச்சு அர்த்தஞ் சொல்லுங்கப்பா" என்பார் அப்பா. அம்மா சிரிப்பாள். நாளடைவில் அந்தச் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, நான் சிறுமியாக இருந்த ஒரு கோடையில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அவளை அப்பாவின் தம்பிக்கே, அதாவது என் சித்தப்பாவுக்கே, கட்டிவைப்பதென்று முடிவாகியிருந்தது. யோசனையைக் கிளப்பியது அம்மாதான். இந்த வீட்டில் தன் பாஷையில் பேச ஓர் ஆள் இல்லை என்பது அவளுடைய நெடுநாள் குறை. எனக்கும் இதில் வசதி இருந்தது. சித்தி சித்தியாகவே இருப்பாள். புதிதாக முறை சொல்லிப் பழக வேண்டியதில்லை.

இதில் மகிழாத ஒரே ஆள் சித்தி. அவளுக்கு மங்களூர்ப் பக்கம் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. "கண்டவனோட புண்ணத் தொடைக்கறதுக்கா உன்னப் பெத்தேன்?" என்ற ஒரே கேள்வியில் அப்புச்சி, அம்மாவின் அப்பா, அதை முடித்துவிட்டார். படிப்பில் போய்ச் சேரவேண்டிய கெடுவும் கல்யாண நிச்சயமும் ஒரே வாரத்தில் வந்து நின்றன.

சித்தப்பா அந்தக் காலத்துக்கு முற்போக்கானவர். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குச் சைக்கிள் விடத் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டார். பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, தானே வர்ணம் அடித்து, தானே பழக்கினார். காவலுக்கு நான், வாடகைக்கு எடுத்த அரை சைக்கிளில். சரளையில் இறங்குவதைப் பற்றி அவரிடம் ஒரு பிரசங்கமே இருந்தது.

"ஏத்தத்துல எறங்கித் தள்ளலாம் அம்முணி, அதுல அவமானமில்ல. எறக்கத்துலதான் சூதானம் வேணும். பிரேக்க ஒரேயடியா நெருக்கப்படாது, உட்டு உட்டுப் புடிக்கோணும். பின்னாடி மட்டும் திரும்பிப் பாக்கவே படாது. தலை திரும்புனா ஹேண்டிலும் திரும்பும். சரளை வாரி உட்ரும்."

சித்தி என் பக்கம் திரும்பி, "உங்க சித்தப்பா எந்நேரமும் பிரேக்கப் பத்தியே பேசறாரு. மிதிக்கறதப் பத்தி ஒண்ணுஞ் சொல்லக் காணோம்" என்றாள். சித்தப்பா உட்பட எல்லோரும் சிரித்தோம்.

கரட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. நிச்சயத்துக்கு முன் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சித்தி கேட்டபோது யாரும் மறுக்கவில்லை. காலையில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். அவள் ஹேண்டிலில் ஒரு துணிப்பை தொங்கியது. தேங்காய் பழத்துக்கு அவ்வளவு பெரிய பை எதற்கென்று எனக்குத் தோன்றவில்லை. கோயிலில் சித்தி வெகுநேரம் கும்பிட்டாள். திரும்பும்போது உச்சிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தோம். மேலிருந்து பார்த்தால் தெற்கே நீலமாக மலைகள், மேற்கே பனைகள், கீழே ஒரு பக்கம் எங்கள் ஓட்டுவீடு, இன்னொரு பக்கம் பஸ் ரோடு. அந்த இடத்தில்தான் பாதை பிரிகிறது.

சித்தி சைக்கிளை நிறுத்தி, என் ரிப்பனை அவிழ்த்து இறுக்கமாகக் கட்டிவிட்டாள். "கண்ணு, நீ முந்தி எறங்கு. சித்தப்பா சொன்னாப்பல உட்டு உட்டுப் புடி. திரும்பிப் பாக்காத. நா பின்னெ வரேன்" என்றாள்.

நான் இறங்கினேன். கூழாங்கல் சக்கரத்தில் பட்டுத் தெறித்தது, பல் கிடுகிடுத்தது. முள்வேலிக்கு நடுவே போகும் இட்டேரியில் வழி குறுகும்போது பயமாக இருந்தது. ஆனால் பின்னால் சித்தி வருகிறாள். "சித்தி, இங்கொரு பள்ளம், பாத்து வாங்க" என்று கத்தினேன். "சித்தி, பாத்தீங்களா, காலே ஊணல!" பதில் வரவில்லை. பிரேக்கைப் பார்ப்பதா, எனக்குப் பதில் சொல்வதா என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசல்வரை அவளோடு பேசிக்கொண்டே வந்தேன். கால் ஊன்றித் திரும்பியபோது பாதை காலியாகக் கிடந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் சாப்பிட உட்காரும் நேரம். "எங்க உங்க சித்தி?" என்றார் சித்தப்பா. "பின்னே வர்றாங்க" என்றேன். இந்த வீட்டில் பின்னே என்றால் பின்னால்தான். வேறு அர்த்தம் கிடையாது.

"செயின் கழண்டிருக்கும், நான் போய்ப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று சித்தப்பா எழுந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "சித்தி எப்படிச் சொன்னா? அவ சொன்னாப்பலயே சொல்லு" என்றாள். நான் சித்தியைப் போலவே சொல்லிக் காட்டினேன்: நா பின்னெ வரேன். கடைசி எழுத்தைக் குறுக்கி, நல்லேப்பிள்ளியில் சொல்வதைப் போல. அங்கே அதற்கு அப்புறம் வருகிறேன் என்று அர்த்தம்.

அம்மா என் தலைக்கு மேலாகக் கரட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து, "பின்னால வந்துட்டிருக்காளாமா. நீங்க போய் வழில நின்னீங்கன்னா, ஒழுங்கா வர்றவளும் வெக்கத்துல உளுந்துருவா. உக்காருங்க தம்பி, சோறு ஆறுது" என்றாள்.

"அதுஞ் சரிதானுங்க அண்ணி" என்று சித்தப்பா மகிழ்ச்சியாக உட்கார்ந்தார்.

அன்று அம்மா பரிமாறியதைப்போல நான் பார்த்ததில்லை. குழம்புக்குப் பிறகு ரசம், ரசத்துக்குப் பிறகு மறுபடியும் குழம்பு. இல்லாத அப்பளத்துக்குப் புதிதாக எண்ணெய் காயவைத்தாள். "இன்னைக்கென்ன விருந்தா?" என்று அப்பா கேலி செய்தார். கரட்டுக்கு அப்பாலிருந்து மதிய பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கரண்டி அம்மாவின் கையில் அப்படியே நின்றது. சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மோரை ஊற்றினாள். எனக்குச் சோறு போடவே மறந்துவிட்டாள். நான் கோபித்துக்கொண்டு போய் வெளியே உட்கார்ந்தேன்.

சாப்பிட்டு முடித்தும் அவள் வரவில்லையென்று தேடிப் போய், பஸ் நிற்கும் இடத்தில் புளியமரத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைச் சித்தப்பா கண்டெடுத்தார். ஏறி ஓட்டாமல் அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்தார். வாசலில் நிறுத்தி, பிரேக்கை ஒருமுறை பிடித்துப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார். அப்பா சொன்னதையெல்லாம் எழுதவேண்டியதில்லை. இரண்டு வீட்டிலும் அவள் பெயரை எடுக்கக் கூடாதென்று ஆயிற்று.

சித்தி படித்தாள், நர்ஸ் ஆனாள், கடல் தாண்டிப் போனாள். அம்மா இருந்தவரை அக்காளும் தங்கையும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை. பின்னெ என்ற சொல் எப்போது என்பதைச் சொல்வதில்லை. தன் பேச்சுத்துணையைத் தானே பஸ் ஏற்றி அனுப்பிய அம்மாவோடு, அவள் பாஷையில் பேச அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. நானாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏங்கண்ணு, எறங்கறப்ப ஒருக்காவாச்சும் திரும்பிப் பாத்தியா?"

சோதிக்கிறாள் என்று நினைத்தேன். "இல்லவே இல்லம்மா."

"மேல அவ நிக்கறத? கையி காட்டுனாளா என்னன்னு?"

"சத்தியமாத் திரும்பலம்மா. சித்தப்பா சொன்னாப்பலயே வந்தேன்."

அவள் என் தலையைத் தடவினாள். பாராட்டென்று எடுத்துக்கொண்டேன். தங்கை அந்த உச்சியில் எவ்வளவு நேரம் நின்றாள், அழுதாளா, வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாளா என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. மறுநாள் காலையில் தலை பின்னிவிடும்போது அம்மா மறுபடியும் கேட்டாள். மறுபடியும், முன்னைவிடப் பெருமையாக, இல்லை என்றேன்.