"விஷமம் உண்டோ?"

சுக்கும் மிளகும் காய்கிற காரம் மூக்கில் ஏற, தும்மிக்கொண்டேதான் நான் மலையாளம் படித்தேன். மட்டாஞ்சேரியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்சுவர் என்பது மிளகு மூட்டைகளை அடுக்கி வைக்கும் ஒரு "கிட்டங்கி"யின் சுவர்தான். எழுபதுகளின் கடைசியில் அந்த மாதிரிக் கிட்டங்கி ஒன்றில் அப்பாவுக்கு வேலை கிடைத்து, அம்பாசமுத்திரத்திலிருந்து நாங்கள் மூன்று பேரும் அங்கே குடிபோனபோது எனக்கு ஆறு வயது. நான்காவது ஆளான அக்கா எட்டாம் வகுப்பில் இருந்தாள். நடுவில் மொழி மாறினால் படிப்பு கெட்டுவிடும் என்று அவளை ஊரிலேயே அத்தை வீட்டில் விட்டுவிட்டார்கள். இந்தக் காரணத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் ஏதோ பெரிய சேட்டை பண்ணியிருக்கிறாள், அதனால்தான் விட்டுவிட்டார்கள் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்து, அடுத்தது என் முறையாகிவிடக் கூடாதே என்று வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தேன்.

பொருள்களின் பெயர்கள் சீக்கிரம் வந்துவிட்டன. நாற்காலி "கசேர", குடிக்கிற தண்ணீர் "வெள்ளம்". மனசுக்குள் இருப்பதற்கு என்ன பெயர் என்றுதான் கரும்பலகையில் யாரும் எழுதிப்போடவில்லை. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் அக்கா ஞாபகம் வந்துவிடும், மூடி வைத்துவிடுவேன். அதைக் கவனித்த அம்மிணி டீச்சர் ஒருநாள் என் முன்னால் குனிந்து, "மோள்க்கு விஷமம் உண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். எனக்குத் தெரிந்ததோ நம்மூர் விஷமம், குறும்பு. "இல்ல டீச்சர், நான் ஒண்ணும் பண்ணல" என்று தலையை ஆட்டினேன். அவர் மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். பாவம், அவர் குரல் கனியக் கனிய நான் பெஞ்சில் பின்னால் நகர்ந்துகொண்டே போனேன்.

கடைசியில் அவர் பள்ளி வாசலில் அம்மாவைப் பிடித்து, "மோள்க்கு வல்லாத்த விஷமம் உண்டு, வீட்டில் ஒண்ணு சோதிக்கணே" என்றார். பிள்ளை ரொம்ப வருத்தமாக இருக்கிறாள், வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். ஊருக்கு வந்து இரண்டு மாதமே ஆகியிருந்த அம்மா, பெண்ணின் விஷமம் தாங்கவில்லை, வீட்டில் சோதனை போடுங்கள் என்று எடுத்துக்கொண்டாள். வந்த கையோடு என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடியில் அக்காவின் பச்சை ரிப்பன் கிடந்தது. கிளம்புகிற அன்று அவளுக்குத் தெரியாமல் நான் எடுத்து ஒளித்து வைத்தது. "களவாணித்தனம் வேறயாட்டி?" என்று முதுகில் இரண்டு வைத்தாள். அடி வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் என்னையும் விட்டுவிடப் போகிறார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு பள்ளியில் நான் வாயே திறக்கவில்லை.

சில வாரம் கழித்து, எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவான ரோசி சேச்சியின் அம்மா இறந்துபோனார். என்னையும் கையில் பிடித்துக்கொண்டு அம்மா துட்டி கேட்கப் போனாள். தலைமாட்டில் உட்கார்ந்து சேச்சி அழ, சுற்றியிருந்த பெண்கள் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, "விஷமிக்கண்டா மோளே, விஷமிக்கண்டா" என்றார்கள். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி சட்டென்று இறுகியது. பெற்றவளைப் பறிகொடுத்தவளிடம் சேட்டை பண்ணாதே என்று எவராவது சொல்வார்களா? அம்மா பள்ளிக்கூடம் பார்க்காதவள், ஆனால் அவளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தவள் குளிக்கக்கூட இல்லை. என்னை மடிக்கு இழுத்து, "ஒனக்கு விஷமமாட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன், இன்னும் இரண்டு வாங்க நான் என்ன கேனச்சியா? அம்மா கொஞ்சநேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு இருக்கு. ஒங்கக்காவ நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டுக்கு" என்று சொன்னவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். அம்மாவுக்கே விஷமம் இருக்குமென்றால் அது ஆளை விட்டுவிட்டுப் போகிற குற்றமாக இருக்க முடியாது என்று எனக்கு உறைத்தது. அப்புறம் நான் அழுத அழுகையில் துட்டி வீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் அம்மா டீச்சரிடம் போய் என்னென்னவோ தமிழில் சொன்னாள், நான் மத்தியானச் சோற்றை மிச்சமில்லாமல் தின்றேன்.

இப்போது நானும் சென்னையில் ஆரம்பப் பள்ளி டீச்சர். வகுப்புச் சுவரில் சிரிக்கிற, அழுகிற, கோபிக்கிற முகங்கள் வரைந்த அட்டை தொங்குகிறது. பிள்ளைகள் காலையில் வந்ததும் தங்கள் முகம் எதுவோ அதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய் உட்காருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் லைன் வீடுகளை இடித்துத் தங்கும் விடுதி கட்டிவிட்டார்கள், கிட்டங்கியில் மிளகு இல்லை, அப்பாவுக்குப் பின்னால் போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று சாயங்காலம், அம்பாசமுத்திரத்தை விட்டு எங்கேயும் போகாத அக்காவிடம், "எனக்கு விஷமமா இருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "இந்த வயசுல என்னட்டி விஷமம்?" என்றாள். அந்தச் சொல்லைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் இனி எங்கள் குடும்பத்தில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளை நினைத்து நான் சோறு தின்னாமல் இருந்ததிலிருந்து அம்மா அழுதது வரை முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். அக்கா தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விஷமமான்னு என்கிட்ட யாரும் கேக்கலியேட்டி" என்றாள்.