வெள்ளைக்கருவில் எழுந்த நீல ஒளி

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதைத் துடைப்பதென்றாலும் பனியன் வேஸ்ட்தான். வெட்டுமேசையில் கழிந்து விழும் துண்டுத்துணிக்கு அதுதான் பெயர். சைக்கிள், மூக்குக்கண்ணாடி, குழந்தையின் வாய், சாமி படம் எல்லாவற்றுக்கும் அதே துணி. வேறு எதில் துடைத்தாலும் அழுக்கு போகாது என்று திருப்பூரில் பிறந்த எவரும் சத்தியம் செய்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம். கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் புரதங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். தினமும் திருப்பூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் போய் வருவேன். ஊரில் யாராவது என்ன படிப்பு என்று கேட்டால், முட்டை வேகவைக்கிற படிப்பு என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, சூடு ஏற ஏற அது எப்படிக் குலைகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. புரதம் என்பது தன்மேல் தானே மடிந்து சுருண்டு கிடக்கும் ஒரு நூல். சூடு பட்டால், கண்ணி அறுந்த பனியனைப் போலப் பிரிந்துவிடும்.

அதன்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அதுவும் மங்கலாக ஒளிவிடும். அதை அளக்க வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. கரைசலை விரல் அளவே உள்ள ஒரு படிகக் குப்பியில் ஊற்றி உள்ளே வைக்க வேண்டும். ஒளி கூடினால் முள் நகரும்.

அந்த வருடம் என் முள் நகர்ந்தது. புரதம் குலைகிற சூட்டை எட்டியதும், புரதத்துக்கு ஒளியே இருக்கக் கூடாத நீல நிறத்தில் ஓர் ஒளி எழுந்தது. வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தேன், இல்லை. சூடாக்காத புரதத்திலும் இல்லை. குலைந்த புரதத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை செய்தபோதும் தவறாமல் வந்தது. பேராசிரியரிடம் காட்டினேன். ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த மனிதர், மாணவர்களைக்கூட வாங்க போங்க என்றுதான் அழைப்பார். வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கட்டுரை எழுதுங்க என்றார்.

என் உதவித்தொகை சித்திரையோடு முடிவதாக இருந்தது. கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தால் இன்னும் இரண்டு வருடம் நீட்டுவார்கள். வராவிட்டால் அப்பாவின் பனியன் கம்பெனிதான். அப்பா நல்லவர், கம்பெனியும் நன்றாகத்தான் நடந்தது. எனக்குத்தான் துணி வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்தால் உயிரே போவது போலிருக்கும்.

தட்டச்சு செய்து, இருவரும் கையெழுத்திட்ட கட்டுரையை எழுத்துப்பிழை பார்ப்பதற்காக ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துவந்தேன். திங்கட்கிழமை கோயமுத்தூரில் ரிஜிஸ்டர் தபாலில் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். கம்பெனியை அவன்தான் கவனித்துக்கொண்டிருந்தான். சலவைப்பட்டறையில் வெளுத்து வந்த துணியில் தைத்த பனியன் ஒன்றை என் முகத்துக்கு நேரே வெயிலில் விரித்துப் பிடித்தான்.

“இப்பெல்லாம் நம்ம சரக்கு வெள்ளயப் பாத்தீங்களாங்கண்ணா? ஒரு வருசமா புதுப் பவுடர் போடறமுங்க. ரூமுக்குள்ள பாத்தா ஒண்ணும் தெரியாது. வெயில்ல புடிச்சாத்தான் நீலமா ஒளி அடிக்கும்.”

அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனான். பட்டறைக்காரர் ஒருவரின் பட்டு வேட்டியில் அந்தப் பவுடர் தண்ணீர் தெறித்துவிட்டதாம், எத்தனை அலசியும் அந்த இடம் மட்டும் வெயிலில் மினுங்குகிறதாம். பட்டும் ஒரு புரதம்தான். தாள்களைக் கீழே வைத்துவிட்டு, பனியனை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெயிலிலும் புற ஊதா ஒளி உண்டு.

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் குச்சியில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றி, குப்பியின் உள்பக்கத்தைத் துடைப்பது என் வழக்கம். மற்றவர்கள் கழுவிக் காயவைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் சுத்தக்காரன். அந்தத் துணியிலிருந்து இறங்கிய பவுடர் தண்ணீரில் இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறது. குலைந்த புரதம் கிடைத்ததும் அதில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிவிட்டிருக்கிறது. நான் கண்டுபிடித்தது எங்கள் வீட்டுப் பனியனை.

அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை ரயிலில் அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோமனூர் தாண்டும்போது ஒரு யோசனை வந்தது. உலகத்தில் வேறு எவன் இந்தத் துணியால் குப்பி துடைக்கப் போகிறான்? அவர்களுக்கு ஒளி வராது, அவ்வளவுதானே, எனக்கு வந்தது என்பது பொய்யில்லையே. இருகூர் வருவதற்குள் அந்த யோசனையே என்னைப் பயமுறுத்தத் தொடங்கியது. என்றைக்காவது ஒருநாள் எங்கிருந்தாவது, எங்களுக்கு ஒளி வரவில்லையே என்று ஒரு கடிதம் வரும், அன்றுவரை தபால்காரரைக் கண்டாலே நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம்கூட இல்லை.

யாரும் வருவதற்கு முன்பே ஆய்வுக்கூடத்துக்குள் போனேன். புதுக் குப்பிகளை அமிலத்தில் கழுவி, துணியே படாமல் காயவைத்து, மூன்று முறை செய்தேன். முள் அசையவில்லை. பையிலிருந்த துணியை எடுத்து ஒரே ஒரு முறை துடைத்துவிட்டு மறுபடி செய்தேன். மளமளவென்று ஏறியது. கருவியை அணைத்தேன்.

பேராசிரியர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“போஸ்ட் பண்ணிட்டீங்களா?”

“இல்லீங்க சார்.”

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திட்டத்தான் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“போன மாசம் நீங்க லீவுல இருந்தப்ப நானே செஞ்சு பாத்தனுங்க. நாலு தடவ. எனக்கு வரல.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“கை நடுங்குது, கண்ணும் செரியில்ல. நமக்குத்தான் முடியாமப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். உங்ககிட்டச் சொல்றதுக்குப் பயமா இருந்துச்சுங்க.”

அந்தப் பயத்தோடுதான் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு மாதமாக, கண்ணெதிரே, நான் அவருக்குப் பயந்துகொண்டிருந்த அதே அறையில் அவரும் பயந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அடுத்த நிமிடமே என்மேல் வெட்கம் வந்தது.

சித்திரையில் உதவித்தொகை நின்றது. நான் கம்பெனிக்குத்தான் வந்து சேர்ந்தேன். அது பிறகு நடந்தது. அன்று காலை அதற்குமேல் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“இன்னொருக்கா செய்யறீங்களா? அது வராததப் பாக்கோணும். அன்னிக்கு எங் கை தப்புப் பண்ணலைன்னு தெரியோணும்.”

கருவி இருந்த அறையின் ஜன்னலைச் சாத்தினேன். துணி படாத குப்பியில் புரதத்தை ஊற்றி, சூட்டை மெல்ல ஏற்றினேன். அவர் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, முள்ளுக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்தார். சூடு எட்டியது, தாண்டியது. முள் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் அழுதார்.