மூன்றாவது சேனலில் அம்மா

பத்து வயதில் எங்கள் ஊர்ப் பெண்களின் குரல்கள் அத்தனையும் ஒரு சாயங்காலம் முழுக்க என் விரல்களுக்கு அடியில் இருந்தன. யார் சத்தமாகக் கேட்க வேண்டும், யார் கேட்கவே கூடாது என்பதை நான்தான் முடிவு செய்தேன். அப்படி ஓர் அதிகாரம் பிற்பாடு நான் பார்த்த எந்த உத்தியோகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததும் நல்லதுதான்.

அந்த அதிகாரம் மாமாவின் மிக்சரோடு வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கோவில் பொங்கல் எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்கள்தான். தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறவருக்கும் கீபோர்டு வாசிக்கிறவருக்கும் சண்டை வந்து குழு கலைந்தபோது, அவர்கள் வைத்திருந்த எட்டுச் சேனல் மிக்சரை மாமா வாங்கிவிட்டார். பஸ்ஸில் யாரையும் தொடவிடாமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். அதை எப்படி இயக்குவது என்று கேட்டுக்கொண்டு வரத்தான் மறந்துவிட்டார்.

கறுப்புத் தகட்டில் எட்டு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மேலிருந்து கீழாக ஏழெட்டுத் திருகுகள், அடியில் ஒரு சின்னப் பொத்தான், அதற்கும் கீழே மேலும் கீழும் தள்ளுகிற ஒரு கட்டை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். மாமா மைக்கைச் செருகி, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த திருகை முழுதாகத் திருப்பினார். குழாய் ஊளையிட்ட ஊளையில் தெருவில் போய்க்கொண்டிருந்த வெள்ளாட்டு மந்தை நாலு பக்கமும் சிதறியது. ஆட்டுக்காரர் வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு மாமா எல்லாத் திருகுகளையும் நட்டநடுவில் வைத்து, அந்த இடத்தில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டிவிட்டார். நடுவில் வைத்தால் எந்த வம்பும் வராது என்பது மிக்சரைப் பற்றி மட்டுமல்ல, வாழ்க்கையைப் பற்றியே அவருடைய கொள்கை.

எனக்கு அப்போது முழுப் பரீட்சை லீவு. மாமா மிக்சரை எங்கள் வீட்டில்தான் வைத்திருந்தார். அவர் வெளியே போனதும் ஒரு மைக்கை ரேடியோவுக்கு முன்னாலும் இன்னொன்றை அம்மா மாவாட்டும் ஆட்டுரலுக்குப் பக்கத்திலும் வைத்துவிட்டு ஒவ்வொரு திருகாகத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் இருந்த மூன்றும் குரலின் குணத்தை மாற்றுகிறவை. ஒன்றைக் கூட்டினால் செய்தி வாசிக்கிறவர் சீறினார். இன்னொன்றைக் கூட்டினால் கிணற்றுக்குள் நின்று வாசித்தார். எக்கோ திருகு எல்லாருக்கும் பிடித்தது. அதைத் தொட்டால் ஆட்டுரல்கூடக் கச்சேரி செய்தது. ஒரு திருகு குரலை இடப்பக்கமும் வலப்பக்கமும் தள்ளுவதற்காம். எங்கள் நான்கு குழாய்களிலும் ஒரே சத்தம்தான் வரும் என்பதால் அது கெட்டுப்போனது என்றே மாமா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

என்னை ரொம்ப நாள் குழப்பியவை மேல் கோடியில் இருந்த திருகும் கீழ்க் கோடியில் இருந்த தள்ளுகட்டையும்தான். இரண்டைக் கூட்டினாலும் சத்தம் கூடியது. ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு? மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. மேல் திருகு கிணற்று மோட்டார் மாதிரி, மைக்கிலிருந்து எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. கீழே இருப்பது மடை. இழுத்ததில் எவ்வளவு வெளியே விட வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டுவிட்டு மடையை ஒரேயடியாகத் திறந்தால் பாத்தி உடைந்துவிடும். அந்தச் சின்னப் பொத்தானையும் நானே கண்டுபிடித்தேன். மடை முழுக்க அடைத்திருந்தாலும் அதை அமுக்கினால் அந்த ஒரு மைக் மட்டும் ஹெட்போனில் கேட்கும். வெளியே யாருக்கும் கேட்காது. மாமாவிடம் சொன்னபோது அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுப்படியில் அம்மா தன்னைப் பற்றி முணுமுணுப்பதை முழுசாகக் கேட்டார். பிறகு மிக்சரை என்னிடமே ஒப்படைத்துவிட்டார்.

சித்திரைப் பொங்கலில் முளைப்பாரி எடுக்கும் நாள் சாயங்காலம் எங்கள் ஊர் அம்மன் கோவில் முன்னால் பெண்கள் கும்மி கொட்டுவார்கள். கும்மிக்குத் தலைவி பெரியம்மா. அம்மாவுக்குப் பதினைந்து வயது மூத்த அக்கா. தாயில்லாத அம்மாவையும் மாமாவையும் வளர்த்தவளும் அவள்தான். பழைய பாட்டுகளுக்கு நடுவே பெரியம்மா நின்ற இடத்திலேயே புது அடிகளைக் கட்டிப் பாடுவாள். அந்த வருஷத்து மழை, ஓடிப்போன காளை, புது மாப்பிள்ளையின் தொப்பை என்று எதையும் விடமாட்டாள். கும்மியில் வைத்துக் கேலி செய்தால் கோபிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆனால் அந்த உரிமை எல்லாருக்கும் கிடையாது. பெண் கொடுத்த வீட்டு மூத்தவள் சம்பந்தியைக் கேலி செய்யலாம். வாழ வந்த மருமகள் மாமனாரைச் சொல்லக் கூடாது.

அம்மாவின் மாமனார், அதாவது என் தாத்தா, கோவிலுக்குத் தலைவர். ஊர் வழக்குகளை எல்லாம் அவர்தான் தீர்த்து வைப்பார். வீட்டில் அரிசி ரூம் சாவி அவருடைய இடுப்பில் இருக்கும். காலையில் உலை வைக்கும் முன் அம்மா அவர் எதிரில் போய், பேசாமல் நிற்பாள். அவர் சாவியை எடுத்துத் தருவார். என் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி, ஒருமுறை அந்தச் சாவியைப் பற்றி எதிர்வார்த்தை பேசிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள் ஒரு வருஷமாகியும் திரும்பவில்லை. சித்திக்கு அவள் அம்மா ஞாபகம் ரொம்ப வந்துவிட்டது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மாமா ஒரு மைக்குக்குப் பதிலாக நான்கு வைத்தார். மிக்சர் வாங்கியது ஊருக்குத் தெரிய வேண்டாமா? முதல் சேனல் கொட்டுக்காரருக்கு. இரண்டாவது பெரியம்மாவுக்கு. மூன்றாவது அவள் பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாடும் அம்மாவுக்கு. நான்காவது கூட்டத்துக்குப் பொதுவாக. அம்மா தனக்கு மைக்கே வேண்டாம் என்று ஆன மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

“ஏலே, எனக்கு என்னத்துக்குல மைக்கு? நான் சும்மா அக்கா கூட நின்னு கொட்டுதேன்.”

மாமா கேட்கவில்லை. அதனால் என்னிடம் வந்து, தன் கட்டையை மட்டும் கீழேயே வைத்திருக்கச் சொன்னாள். அம்மாவுக்குக் கூச்சம் என்று நானும் சரி என்றேன்.

நாலு மணி வெயிலில் கும்மி தொடங்கியது. பந்தலில் ஆண்கள். நடு நாற்காலியில் தாத்தா. நான் வேப்ப மரத்தடியில் மிக்சருக்கு முன்னால் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சேனலாகப் பொத்தானை அமுக்கிக் கேட்டுக்கொண்டு வந்தபோது மூன்றாவதில் ஒரு கிசுகிசுப்பு. மேல் திருகைக் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். அம்மாவின் குரல் என் காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

பெண்கள் எல்லாரும் பல்லவியைத் திரும்பப் பாடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அம்மா பெரியம்மாவின் பக்கம் சாய்ந்து, மூச்சுக் காற்றில் ஒரு புது அடியைச் சொன்னாள். பல்லவி முடிந்ததும் பெரியம்மா அதே அடியைக் கணீரென்று பாடினாள். கூட்டம் சிரித்தது. அடுத்த பல்லவி, அடுத்த கிசுகிசுப்பு. மாமாவின் ஊளையிடும் மிக்சரைப் பற்றி ஓர் அடி. மறுபடியும் சிரிப்பு. பந்தலில் யாரோ விசிலடித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இத்தனை வருஷமாக ஊரே பெரியம்மாவின் வாக்கு என்று கொண்டாடியதெல்லாம் என் அம்மா கட்டியதா? அம்மா மாவாட்டும்போது முணுமுணுப்பது இதுதானா? அவள் ஏன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்? ஹெட்போனில் அந்தச் சின்னக் குரலைக் கேட்கக் கேட்க அவள்மேல் எனக்கு வந்த பிரியம் தாங்க முடியாததாக இருந்தது. நியாயம் செய்ய வேண்டியது நான்தான் என்று பட்டது. அதற்கான சாமான் முழுவதும் என் முன்னால்தான் இருந்தது.

அடுத்த பல்லவி நடக்கும்போது பெரியம்மாவின் கட்டையையும் கூட்டத்தின் கட்டையையும் கீழே இழுத்தேன். அம்மாவின் கட்டையை மேல் கோடி வரை தள்ளினேன். அவளுடைய மேல் திருகை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்ததை மறந்துபோனேன். எக்கோ திருகும் திறந்தே இருந்தது.

நான்கு குழாய்களிலும் அம்மாவின் மூச்சுக் குரல், ஊரைவிடப் பெரியதாக, வந்தது:

“ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லும் ஒசந்த வீட்டு மாமா
உழக்கரிசி எடுக்கக்கூட ஒம்ம சாவி வேணுமா”

வேணுமா, வேணுமா, மா, மா என்று அது கண்மாய்க்கரை வரை போய்த் தேய்ந்தது. கொட்டுச் சத்தம் நின்றது. தட்டப் போன கைகள் பாதியில் நின்றன. பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. தாத்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாரும் அவள் குரலின் அழகில் மயங்கி நிற்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

பெரியம்மா இரண்டு நொடிதான் நின்றாள். பிறகு அம்மாவின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

“ஏட்டி, நான் கட்டுன பாட்ட எனக்கே எடுத்துக் குடுக்கியா? மறந்திருவேன்னு உங்கிட்ட சொல்லி வச்சா, அதையும் மைக்குல ஊதுதியே, கூறு கெட்டவளே!”

அவள் மைக்கை நான் அடைத்திருந்தேன். அவளுக்கு அது தேவைப்படவுமில்லை. பந்தலுக்கு நேரே போய் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தாத்தாவைப் பார்த்தே அந்த இரண்டு அடிகளையும் முழுக் குரலில் பாடினாள். பாடிவிட்டு, “என்ன சம்பந்தி, எந்திச்சிட்டீக? சாவியத் தூக்கி எறியப் போறீகளா?” என்று கேட்டாள். பந்தல் ஒரே சிரிப்பானது. தாத்தாவும் வேறு வழியில்லாமல் சிரித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். பொய், எல்லாம் அம்மா கட்டியது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதி வார்த்தை வருவதற்குள் அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள். அவள் கண் நிறையத் தண்ணீர். அத்தனை பேர் முன்னால் அடி வாங்கிய அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து பெரியம்மாவோடு நான் பேசவில்லை. அவள் கொடுத்த கடலை மிட்டாயைக்கூட வாங்கவில்லை, அது எனக்குச் சாதாரணத் தியாகம் இல்லை. ஒருநாள் வழிமறித்துக் கன்னத்தைக் கிள்ள வந்தவளிடம், நீ திருடி என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை.

“ஆமாட்டி, திருடிதான். ஒங்க அம்மைகிட்ட போயி இதச் சொல்லிராத, வருத்தப்படுவா” என்றாள்.

அந்த அடிகள் யாருடையவை என்று தெரிந்திருந்தால் அம்மாவும் சித்தி போன வழியில்தான் போயிருப்பாள். அவளுக்குத் திரும்பிப் போகப் பெற்றவர்கள் வீடும் இல்லை. அம்மாவால் சொல்ல முடியாததை எல்லாம் சொல்வதற்குப் பெரியம்மா தன் வாயைக் கொடுத்திருந்தாள். அவள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. இது எனக்கு விளங்க, நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டியிருந்தது.

அடுத்த வருஷப் பொங்கலுக்கு அம்மா உடம்புக்கு முடியவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பெரியம்மா தனியாக நின்று பழைய பாட்டுகளை மட்டும் பாடினாள். ஒரு புது அடிகூட வரவில்லை. கிழவிக்கு வாக்கு வற்றிப்போச்சு என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். வயசாச்சுல்லா என்று அவளும் சிரித்தாள். நான் அவளுடைய கட்டையைத் துல்லியமாக வைத்து, அந்த வறட்சியை ஊர் முழுக்கக் கேட்க வைத்தேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் வெற்றிச் செய்தியைச் சொன்னேன். நீ இல்லாமல் அவளால் ஒன்றும் முடியவில்லை என்றேன். அம்மா சந்தோஷப்படவில்லை. “பாவம் அக்கா” என்று அடுப்பை அணைத்தாள். பிறகு அந்தச் சாயங்காலமே பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். இருட்டியும் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. ஒரு திருடியோடு சேர்ந்து சிரிக்க அப்படி என்ன இருக்கிறது என்று புரியாமல், கதவைத் தட்டாமல், கோபமாக வாசலில் நின்றேன்.