ஒரு மூட்டை உருளைக்கிழங்கு

மகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட பிறகும், வீட்டுக்குச் சாப்பாட்டுச் சாமான் எங்கிருந்து வருகிறது என்று லாரிக்காரர் ஒருநாளும் யோசித்ததில்லை. லோடு இறக்கிவிட்டு வருவார். கையிலிருப்பதை மனைவியிடம் கொடுப்பார். குளித்துவிட்டு உட்கார்ந்தால் தட்டு வந்துவிடும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி அதுவும் தானாக வருகிறது என்பது அவர் நினைப்பு. அந்தத் தெருவில் தண்ணீர்கூடத் தானாக வராது என்பதும் அவருக்குத் தெரியாது.

ஒரு மழைநாளில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, கிளட்ச் மிதிக்கிற இடது கால் முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒற்றை அறை வீடு. உள்ளே உட்கார்ந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். வாசலில் இருந்தால் தெருவையாவது பார்க்கலாம்.

அப்படித்தான் மனைவி வருவதையும் பார்த்தார். அவள் துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள்; அன்றைய கூலி அன்றைக்கே. திரும்பும்போது உள்ளங்கையில் அடங்குகிற எண்ணெய்ப் பொட்டலம், காகிதத்தில் சுற்றிய கொஞ்சம் வெங்காயம், ஒரு வேளை அரிசி. மறுநாளும் அதே. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, தினமும் இப்படித் துளித்துளியா வாங்கினா எப்படி மிச்சம் பிடிக்கிறது? நான் ஆயுசுல எவ்வளவு மூட்டை ஏத்தி இறக்கியிருக்கேன்! மூட்டையா வாங்கினா பாதி விலை. இதுகூடவா தெரியாது?"

"தெரியாம என்ன? மூட்டையா வாங்க, காசும் மூட்டையா இருக்கணுமே."

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் நலம் விசாரிக்க வந்த கூட்டாளி ஓட்டுநரிடம், டப்பாவில் மனைவி அந்த வாரச் செலவுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். மாலைக்குள் மொத்தச் சந்தையிலிருந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வந்து இறங்கியது. அறையில் பாதி போயிற்று.

"அப்பா, இது இங்க படுத்தா நான் எங்க படுக்கிறது?" என்றாள் மகள்.

மனைவி வந்தாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தார். அவள் மூட்டையைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?"

"பாதி விலைம்மா!"

"எண்ணெய்?"

அவர் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"உப்பு? அரிசி? சோப்பு?"

திடீரென்று பிரேக் போட்ட வண்டி மாதிரி ஆகிவிட்டார். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியைத் துழாவினாள். "கீழ ஈரமா இருக்கு. இந்த வாரம் தாங்காது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலையிலேயே வாசலில் பழைய போர்வையை விரித்து மூட்டையைக் கொட்டினாள். நல்லது, அடிபட்டது, முளை விட்டது என்று பிரித்தாள். முந்தானையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் அரை பாட்டில் எண்ணெய் இருந்தது.

"அவங்க வீட்ல எண்ணெய் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து வதக்கின வாசனை வந்துச்சே. வெறும் வெங்காயம்தான். காய் இல்லன்னு அதுலயே தெரிஞ்சுது."

அதன்பிறகு அவள் நடக்கவே வேண்டியிருக்கவில்லை. தெருவே வந்தது. கோழி வளர்க்கிற அக்கா முட்டையோடு வந்தாள். மூலை டீக்கடைக்காரர் அடிபட்டதெல்லாம் தனக்கென்று வாங்கிக்கொண்டு உப்பும் சர்க்கரையும் கொடுத்தார். தையல்காரர் வீட்டிலிருந்து அரிசி வந்தது. கடைசி வீட்டுப் பெண், கைக்குழந்தையோடு, வெறுங்கையாக, சற்றுத் தள்ளியே நின்றாள். மனைவி அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் துளியும் இல்லை.

"ஏய், உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன். என் மகளுக்கு ஒரு ஜடை பின்னி விடேன், எனக்குக் கை ஒழியல" என்றபடி, நல்லதாகப் பொறுக்கி அவள் பையை நிறைத்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து உள்ளே போனாள்.

லாரிக்காரர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். யார் வீட்டில் எது தீர்ந்தது, எது மிஞ்சியது, யாரிடம் கேட்கலாம், யாரைக் கேட்கவிடக் கூடாது என்று அத்தனையும் இவள் தலைக்குள் இருக்கிறதே! மதியத்துக்குள் போர்வை காலி. அவர் காலடியில் ஒரு சின்ன மளிகைக்கடையே இருந்தது.

கட்டுப் பிரித்ததும், "நானும் சந்தைக்கு வரேன்" என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

கடை கட்டுகிற நேரம். அவள் முதலில் எதையும் வாங்கவில்லை. வெறும் பையோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். எதையும் தொடவில்லை, விலை கேட்கவில்லை. வியாபாரிகள் மிச்சமிருக்கிற குவியலையும் வானத்தையும் மாறிமாறிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் திரும்பினாள். இன்றைக்கென்று வெடித்த தக்காளி, நாளைக்கென்று கனிந்தது, அதற்கப்பாலும் தாங்கக் கெட்டிக்காய் என்று எடுத்தாள். வெளி இலை வாடிய முட்டைக்கோஸை உள்ளே அழுத்திப் பார்த்து வாங்கினாள். "அக்கா வந்துட்டாங்கப்பா, இனி நமக்கு லாபம் இல்ல" என்று கீரைக்காரர் சலித்துக்கொண்டே, கேட்காமலேயே ஒரு கட்டு கூடப் போட்டார். ஒரு மாம்பழத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்து மகளுக்கென்று பையில் போட்டாள்.

ஒருமுறை லோடோடு மலையேறி, வளைவு திரும்பியதும் மேகம் விலகி, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்ததைப் பார்த்து அவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். இப்போதும் அப்படித்தான் நின்றார்.

"இத்தனை வருஷமா தினமும் இதைத்தான் செய்யிறியா?"

"பின்ன? சோறு லாரியிலயா வந்துச்சு?"

பையை வாங்கக் கை நீட்டினார். தரவில்லை. "தக்காளி நசுங்கிடும். நீங்க பார்த்து நடங்க, தரையெல்லாம் வழுக்குது."

கால் கூடியதும் அவர் மறுபடி வண்டி ஏறினார். சாலையோரக் கடைகளில் ஓட்டுநர்கள் தாங்கள் கண்ட வெள்ளத்தையும் நிலச்சரிவையும் பற்றிப் பேசும்போது, அவர் சந்தைக்குப் போன கதையைச் சொல்வார். "வீட்டம்மா காய் வாங்கினதெல்லாம் ஒரு அதிசயமாண்ணே?" என்று சிரிப்பார்கள்.

"ஊருக்குப் போனா ஒருநாள் பின்னாலயே நடந்து பாரு" என்பார் அவர், சிரிக்காமல்.